டிராக்கன்ஸ்பர்க் மலைவீடும் ட்ரௌட் மீனும்: என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருஷம். அதில் பதினொரு வருஷமாக, ஹைம்வில் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இருக்கும் பழைய கல் வீட்டுக்கு வருஷம் இரண்டு மூன்று தடவை போய்வருகிறேன். ஆகஸ்ட் பிறந்தால் போதும், நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே சந்தேகங்கள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும். தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்ததால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

விளம்பரத்துல "ரஸ்டிக்"னு போட்டிருக்கு. ஹோட்டல் மாதிரிதானே இருக்கும்?

இல்லை. இந்த நாட்டு விளம்பரங்களில் அந்தச் சொல் வந்தால் கரண்ட் இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கல் சுவர், தகரக் கூரை, கேஸ் அடுப்பு, மெழுகுவர்த்தி அல்லது சோலார் விளக்கு, ஒரு கணப்பு. கட்டிலும் மெத்தையும் இருக்கும். போர்வை, துண்டு இருக்குமா என்பது ஒவ்வொரு இடத்துக்கும் மாறும், கேட்டுத்தான் போக வேண்டும். ரிசப்ஷன், ரூம் சர்வீஸ் எதுவும் கிடையாது. சாவி ஒரு பூந்தொட்டிக்கு அடியிலோ நம்பர் பூட்டுப் பெட்டியிலோ இருக்கும்.

இன்னொன்று. அங்கே "டேம்" என்றதும் மேட்டூரை நினைக்காதீர்கள். பண்ணைக்காரர் ஓடையை மறித்துக் கட்டிய மண்கரை, அவ்வளவுதான். நம்மூர்ச் சின்னக் கண்மாய் அளவு இருக்கும்.

எந்தப் பக்கம் போறது? டர்பன்லேர்ந்து எவ்வளவு நேரம்?

டிராக்கன்ஸ்பர்க் நீண்ட மலை. ஜூலு மொழியில் உக்காஹ்லாம்பா, ஈட்டிகளின் வேலி என்று பொருள். பார்த்தால் பெயர் பொருந்தும். ட்ரௌட்டுக்காகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது தெற்குப் பகுதி: அண்டர்பர்க், ஹைம்வில், லோத்தேனி. கொஞ்சம் வடக்கே கேம்பர்க். உம்சிம்குலு, பொலேலா ஆறுகள் இந்தப் பக்கம்தான் ஓடுகின்றன.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை பிடித்து, மேரியன்ஹில் டோல் தாண்டி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றம் ஏறி, ஹோவிக்குக்கு முன்னால் மெரிவேலில் இறங்கி ஆர்617 சாலை. பாஸ்டன், புல்வர், அண்டர்பர்க். சுமார் 200 கிலோமீட்டர், நிதானமாக ஓட்டினால் இரண்டரை மணி நேரம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் ஒரு முழுப் பகலை ஒதுக்கிவிடுங்கள்.

எத்தனை மணிக்குக் கிளம்பினாலும் சரி, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். முதல் தடவை நான் வேலை முடித்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினேன். புல்வர் ஏற்றத்தில் மூடுபனி, காரின் மூக்குக்கு முன்னால் இரண்டு கோடு தெரிந்தால் அதிகம். அதற்கு நடுவில் ஒரு மாடு ரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பண்ணை கேட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி பத்தரை. சாவிப் பெட்டி கிடைக்கும்வரை மனைவி என்னிடம் பேசவில்லை, கிடைத்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் சின்ன கார் போகுமா? ஃபோர் பை ஃபோர் வேணுமா?

அண்டர்பர்க் வரை தார் ரோடு. அதற்கு அப்புறம் வீடு இருக்கும் பண்ணைக்குள் போகிற கடைசி சில கிலோமீட்டர்தான் கேள்வி. பண்ணைக்காரரிடம் "மழை பெய்த மறுநாள் சாதாரண கார் வருமா?" என்று கேளுங்கள். "வரும்தான்..." என்று இழுத்தால் வராது என்று அர்த்தம். அண்டர்பர்க்கிலேயே டேங்கை நிரப்பி, வாங்க வேண்டியதையும் வாங்கிவிடுங்கள். மேலே கடை இல்லை, சிக்னலும் விட்டுவிட்டுத்தான் வரும்.

கரண்ட் இல்லேன்னா வெந்நீருக்கு என்ன பண்றது? போன் சார்ஜ்?

வெந்நீருக்கு டாங்கி. கழுதை இல்லை, வீட்டுக்குப் பின்னால் செங்கல் மேடையில் படுக்க வைத்த இரும்பு டிரம். அடியில் விறகு எரித்தால் அரை மணி, முக்கால் மணியில் குழாயில் வெந்நீர் வரும். நம் பாட்டி வீட்டு வெந்நீர் அண்டாவுக்குக் குழாய் வைத்த மாதிரி. ஒரே கஷ்டம், காலையில் முதலில் எழுந்திருப்பவர்தான் அடுப்பு மூட்ட வேண்டும். இதனாலேயே எங்கள் வீட்டில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பார்கள்.

போனுக்கு பவர்பேங்க், தலையில் மாட்டும் டார்ச். லோட் ஷெடிங்கில் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. கரண்ட் இருக்கும் வீடு என்றால், ஊரிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கு ஒரு தகவல்: நம்மூரில் கீசர், ஏசிக்குப் போடுகிற பெரிய மூன்று முள் பிளக் இங்கே அப்படியே பொருந்தும். சின்ன பிளக்குக்குத்தான் அடாப்டர் வேண்டும்.

எந்த மாசம் போனா நல்லது?

மீனுக்கா, உங்களுக்கா? பிரவுன் ட்ரௌட் குளிர்காலத்தில் முட்டையிடும். அதனால் இந்த குவாசுலு நட்டால் மாகாணத்து ஆறுகளில் மீன்பிடி செப்டம்பரிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான். டேம்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, வருஷம் முழுக்கப் பிடிக்கலாம். என் கணக்கில் ஏப்ரல்தான் முதலிடம். இடிமழை ஓய்ந்திருக்கும், புல் பொன்னிறமாகியிருக்கும், தண்ணீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். அக்டோபர் இரண்டாவது.

டிசம்பர், ஜனவரி பள்ளி விடுமுறையில்தான் நம்மவர்கள் கும்பலாகக் கிளம்புகிறார்கள். மீனுக்கு அது மோசமான காலம், ஏன் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன். ஜூன், ஜூலையில் டேம் ஓரத்தில் காலையில் கண்ணாடி மாதிரி பனி படிந்திருக்கும், இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். குளிருக்குப் பயப்படாதவர்களுக்குப் பெரிய மீன் கிடைப்பது அப்போதுதான். செப்டம்பரையும் நம்ப முடியாது. 2024 செப்டம்பரில் வான் ரீனன் பக்கம் என்3 பனியில் மூடி, வண்டிகளுக்குள்ளேயே ஜனங்கள் ராத்திரியைக் கழித்தார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன், கடல்ல பிடிச்ச கை. என்கிட்ட இருக்கிற தூண்டில் போதாதா?

நானும் தூத்துக்குடிதான் தம்பி. அதனால் உடைத்தே சொல்கிறேன்: போதாது. டர்பன் கடல்பாலத்தில் நின்று ஷாட் மீன் பிடிக்கும்போது ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே பெரும்பாலான தண்ணீரில் ஃபிளை மட்டும்தான் அனுமதி. ஃபிளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி, அதற்கு எடையே கிடையாது. இங்கே எடை நூலில்தான் இருக்கிறது. தடியான அந்த நூலைப் பின்னால் முழுக்க நீள விட்டு, ஒரு கணம் பொறுத்து, முன்னால் கொண்டுவர வேண்டும். கடல்கைக்கு அந்த ஒரு கணம் பொறுப்பதுதான் வராது. எனக்கு மூன்று பயணம் பிடித்தது. முதல் பயணத்தில் நான் பிடித்தது என் தொப்பியை.

புழு, இறால், மத்தி எதுவும் கொண்டுபோகாதீர்கள். டேமுக்கு ஐந்தாம் எண் ராட் (தூண்டில் கோல்), ஓடைக்கு மூன்றாம் எண். சில பண்ணைகளில் வாடகைக்குக் கிடைக்கும், முதல் தடவை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஃபிளை கேட்டால் உல்லி பக்கர் நான்கு, இந்த நாட்டிலேயே பிறந்த வாக்கர்ஸ் கில்லர் நான்கு, மேலே மிதக்கும் டி.டி.டி. இரண்டு. இதற்கு மேல் கடைக்காரர் காட்டுவதெல்லாம் மீனைவிட நம்மைப் பிடிப்பதற்கு.

போஸ்ட் ஆபீஸ்ல வாங்கின மீன்பிடி லைசன்ஸ் இருக்கே, அது போதுமில்ல?

அது கடலுக்கு. நன்னீருக்கு மாகாணத்து லைசன்ஸ் தனி, குவாசுலு நட்டாலில் எசெம்வேலோ என்கிற வனவிலங்குத் துறை கொடுக்கிறது. அது போக, தண்ணீர் யாருடையதோ அவருக்கு ஒரு ராட் கட்டணம், ஒரு ராடுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. வீட்டு வாடகையிலேயே அது சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். வாடகை வீட்டுக்கா, ஆளுக்கா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். ஆறு பேர் போய், ஆள் கணக்கு என்று அப்புறம் தெரிந்து விழித்தவர்கள் நம் குழுவிலேயே உண்டு.

தங்கும் வீட்டில் டேம் மட்டும் இருந்து உங்களுக்கு ஆறும் வேண்டுமென்றால், அண்டர்பர்க் ஹைம்வில் ட்ரௌட் மீன்பிடி கிளப்பில் விசாரியுங்கள். அந்தப் பக்கத்து நல்ல ஆற்றுத் துறைகள் பல அவர்கள் கையில்.

பிடிச்ச மீனைத் திருப்பி விடணுமாமே? அப்ப எதுக்குப் பிடிக்கிறது?

என் மாமனார் ஊரிலிருந்து வந்தபோது இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் "பைத்தியக்கார வேலை" என்று முடித்தும் விட்டார். ஆற்றில் பெரும்பாலும் விட்டுவிடத்தான் வேண்டும். டேமில் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று சில பண்ணைக்காரர்கள் விடுவார்கள். கேட்காமல் எடுக்கக் கூடாது. அந்த மீன் தானாக அங்கே வந்ததல்ல, காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டது.

உண்மையில் ட்ரௌட் இந்த நாட்டு மீனே இல்லை. 1890-இல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டையாகக் கப்பலில் கொண்டுவந்து, பொரிக்க வைத்து, மூயி, புஷ்மன்ஸ், உம்கேனி ஆறுகளில் விட்டார்கள். சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் 1860-இல் டர்பனில் இறங்கி முப்பது வருஷம் கழித்து வந்த மீன். நமக்கு இளையது.

விடுவதென்றால் ஒழுங்காக விட வேண்டும். கொக்கியின் எதிர்முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கும் வழுவழுப்பு போய்விடும். போட்டோவுக்கு உங்களால் மூச்சை அடக்க முடிகிற நேரத்துக்குள் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உடனே புரிகிறது. பெரியவர்கள்தான் "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்கிறார்கள்.

எடுத்துக்கலாம்னு சொன்னா, ட்ரௌட்டைக் குழம்பு வைக்கலாமா?

வைக்கலாம், சாப்பிடும்போது மீனைத் தேட வேண்டியிருக்கும். சதை மிருது, புளிக்குழம்பில் கொதித்தால் உதிர்ந்துவிடும். வறுப்பதுதான் சரி. செதில் பொடியாக இருப்பதால் சீவ வேண்டியதில்லை, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை தடவி, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை தோசைக்கல்லில் விடுங்கள். கோடையில் டேம் மீனில் சேற்று வாடை அடிக்கலாம். அதற்கு மட்டும் மசாலாவைத் தாராளமாக்குங்கள்.

சமையலுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்? அங்க இருக்கிற பாத்திரத்துல மாட்டுக்கறி சமைச்சிருப்பாங்கன்னு அக்கா சொன்னாங்களே?

அக்கா சொன்னது சரி. பிராய், அதாவது கரியடுப்புக் கம்பித் தட்டில் கட்டாயம் பூர்வோர்ஸ் என்கிற சாசேஜ் வெந்திருக்கும், அதில் மாட்டுக்கறிதான் பிரதானம். டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதிக் குடும்பங்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: சொந்தக் கம்பித் தட்டு, ஒரு சட்டி, ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி. எல்லாம் ஒரே பையில், அந்தப் பை வீட்டுக்குத் திரும்பும்வரை பூட்டுடன். நானும் அதையே செய்கிறேன்.

கூடவே குக்கர். அங்கே உயரம் 1500 மீட்டருக்கு மேல், தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். துவரம்பருப்பைச் சாதாரணப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன நண்பர், திரும்பி வந்தும் பல்லால் கடித்தார். முதல் ராத்திரிக்கு மட்டும் வீட்டிலேயே சமைத்து எடுத்துப் போங்கள். புளியோதரை போதும், இல்லாவிட்டால் டின் மீன் குழம்பு. வந்து இறங்கிய களைப்பில் இருட்டில் வெங்காயம் நறுக்குகிற ஆசை யாருக்கும் இருக்காது.

புரட்டாசி விரதத்துல இருக்கேன் அண்ணா. மீன் பிடிச்சுத் திருப்பி விட்டா தோஷமா?

இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும், ஏனென்றால் ஆறு திறக்கிற மாதமும் புரட்டாசியும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. டர்பனில் நம்மவர்கள் புரட்டாசியை எவ்வளவு கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கோவில் குருக்கள் ஒருவரிடம் கேட்டேன். "சாப்பிடக் கூடாதுன்னுதானே விரதம், மீனுக்கு வலிக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்று சிரித்துவிட்டு, அப்புறம் "ஆனா நீங்க கேக்கறீங்கன்னாலே உங்க மனசுக்குப் பதில் தெரியும்" என்றார்.

நான் அந்த மாதம் போவேன், ராட் எடுத்துப் போக மாட்டேன். இது என் வழக்கம், உங்களுக்குச் சட்டமில்லை. ஆற்றோரம் உட்கார்ந்து பாறைக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்வேன். ஐப்பசியில் அது உதவும்.

பாம்பு, குரங்கு, கொசு... மலேரியா ஊசி போடணுமா?

டிராக்கன்ஸ்பர்க்கில் மலேரியா இல்லை. பஃப் ஆடர் என்கிற விரியன் உண்டு. ஆள் வந்தாலும் நகராமல் பாதையிலேயே கிடக்கும், அதுதான் அதனிடம் ஆபத்து. புல்லில் நடக்கும்போது கணுக்கால் மூடிய பூட்ஸ், ராத்திரி டார்ச். உண்ணி கடித்துக் காய்ச்சல் வரலாம், சாயங்காலம் பிள்ளைகளின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். பபூன் குரங்குதான் உண்மையான திருடன். ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டி போச்சு. எங்கள் முறுக்கு டின் ஒன்றை மூடியைத் திருகித் திறந்து சாப்பிட்டதை நானே பார்த்தேன்.

மத்தியானம் மேகம் கட்டுது. தூறல்ல மீன் நல்லா கடிக்கும்னு சொல்றாங்களே, நின்னு பிடிக்கலாமா?

தூறலில் கடிக்கும். இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள். கோடையில் இந்த மலையில் மத்தியான இடிமழை அநேகமாகத் தினப்படி வரவு. ஃபிளை ராட் கார்பனால் ஆனது, மின்சாரம் நன்றாகப் பாயும். வெட்ட வெளியில், தண்ணீர் நடுவில், ஒன்பதடிக் கார்பன் கம்பியைத் தூக்கிப் பிடித்து நிற்பதை விட மோசமான இடம் கிடையாது. ராடைக் கீழே படுக்க வைத்துவிட்டு வீட்டுக்கோ காருக்குள்ளோ போங்கள், தனி மரத்தடிக்கு வேண்டாம்.

ராத்திரி குளிர் தாங்கலை. பிராய் கரியை ஒரு தட்டுல அள்ளி ரூமுக்குள்ள வைக்கலாமா?

கூடவே கூடாது. எரிந்து அடங்கிய கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, புகை இல்லை, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். கணப்பு மட்டும்தான், அதற்குப் புகைபோக்கி இருக்கிறது. படுக்கும்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையும் கம்பளித் தொப்பியும் போதும்.

நான் மீன் பிடிச்சா வீட்டுக்காரியும் பசங்களும் என்ன பண்ணுவாங்க?

முதலில், அவர்களையும் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெரிய மீன் கணக்கு மகள் பெயரில்தான் இருக்கிறது. அது வேண்டாம் என்றால் கேம்பர்க்கில் கேம் பாஸ் குகை. இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் பாறையில் வரைந்த எலாண்ட் மான்கள். வழிகாட்டியோடு மேலே ஏறி இறங்க அரை நாள் ஆகும். ஓவியத்தைத் தொடக் கூடாது. எங்கே நடக்கப் போனாலும் வாசலில் இருக்கும் பதிவேட்டில் பெயர், வழி, திரும்பும் நேரம் எழுதுங்கள், தேடி வருகிறவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

சானி கணவாய் இன்னொன்று. உச்சி 2876 மீட்டர், அங்கே லெசோத்தோ தொடங்குகிறது. இதற்குக் கட்டாயம் ஃபோர் பை ஃபோர், இல்லாதவர்களை ஹைம்வில், அண்டர்பர்க்கிலிருந்து டூர் வண்டிகள் கூட்டிப் போகும். பாஸ்போர்ட் வேண்டும்.

ஊர்லேர்ந்து அம்மா அப்பா வராங்க. அவங்களைக் கூட்டிட்டுப் போலாமா?

தாராளமாக. ஆனால் கழிவறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்டுவிட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு புல்லில் நடக்க வைக்காதீர்கள். மாத்திரைகளைக் கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்கு எடுங்கள். சானி ஏறுவதற்கு முன், அவர்கள் விசாவில் தென்னாப்பிரிக்காவுக்குள் எத்தனை முறை நுழையலாம், லெசோத்தோவுக்கு விசா வேண்டுமா என்று இரண்டையும் பாருங்கள். மேலே போய் டீ குடித்துவிட்டு இறங்குவது, பாஸ்போர்ட் கணக்கில் ஒரு நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வருவது.

முன்பணம் கட்டியாச்சு. மழை, ரோடு அடைப்புன்னு போக முடியலைன்னா திரும்பக் கிடைக்குமா?

எழுத்தில் இல்லாவிட்டால் கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு இடத்தில் போயே போய்விட்டது. "வானிலைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல், அவ்வளவுதான். இப்போதெல்லாம் பணம் அனுப்புவதற்கு முன் "ரோடு மூடினால் வேறு தேதிக்கு மாற்றித் தருவீர்களா?" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பதிலை வைத்துக்கொள்கிறேன். பணம் திருப்புவதற்கு மறுக்கிறவர்களும் தேதி மாற்றப் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள்.

மூணு நாள் நின்னேன், ஒண்ணுகூடக் கடிக்கலை. டேம்ல மீன் விட்டிருக்கேன்னு பண்ணைக்காரர் சொன்னது பொய்யா?

எந்த மாதம் போனீர்கள்? ஜனவரி என்றால் அவர் சொன்னது பொய்யில்லை. ட்ரௌட் குளிர்நீர் மீன். தண்ணீர் பத்திலிருந்து பதினெட்டு டிகிரி வரை அதற்குச் சுகம், இருபதைத் தாண்டினால் மூச்சு வாங்கும். கோடையில் டேமின் மேல்தண்ணீர் சூடாகிவிட, மீனெல்லாம் ஆழத்துக்கோ, ஓடை வந்து விழும் குளிர்ந்த மூலைக்கோ போய்விடும். அந்தச் சூட்டில் பிடித்து விட்டாலும் பிழைப்பது கஷ்டம், அதனால் நானே ராடை எடுப்பதில்லை.

மற்ற மாதம் என்றால் மூன்று விஷயம் கேட்பேன். விடியலில் நின்றீர்களா, இல்லை டாங்கி மூட்டி, குளித்து, இட்லி சாப்பிட்டு ஒன்பதரைக்குப் போனீர்களா? மூழ்கும் நூல் போட்டீர்களா? கரையில் வந்து நின்றதும் நடுவுக்கு வீசினீர்களா? மூன்றாவதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். காலையில் மீன் கரையோரத்துப் புல்லடியில் இரை தேடும். நாம் அதன் தலைக்கு மேல் நின்றுகொண்டு, அது இல்லாத இடத்துக்கு நூலை வீசுவோம். கரைக்குப் பத்தடி முன்னாலேயே நின்று, குனிந்து, முதல் வீச்சைக் காலடிக்குப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

மகள் பிடித்த பெரிய மீன் அப்படித்தான் வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது, அதைவிடத் தூரம் வீச வராது.